‘இறந்துவிட்டாளாம்’: வங்கத்துப் பேய்க்கதைகளின் ஈர்ப்பும் ஓர் ஒட்டுச்சொல்லின் விலையும்

காளி பூசைக்கு முந்தைய நாள் மாலை, கொல்கத்தாவின் பல இல்லங்களில் 14 விளக்குகள் ஏற்றப்படுகின்றன. 14 வகைக் கீரைகள் சமைத்து உண்ணப்படுகின்றன. பூத சதுர்த்தசி என்று வழங்கும் அந்நாளில் 14 தலைமுறை முன்னோர் வீடு திரும்புகின்றனர் என்பது நம்பிக்கை. வங்க மொழியில் ‘பூத்’ என்றால் பேய். அதன் சமஸ்கிருத மூலத்துக்கு ‘ஆகிவிட்டது’, ‘நிகழ்ந்து முடிந்தது’ என்று பொருள். தமிழும் இந்த இணைப்பை அறியாததன்று. கடந்துபோன காலத்தை நாம் ‘இறந்தகாலம்’ என்கிறோம். கடந்து செல்வதற்கும் உயிர் நீங்குவதற்கும் ஒரே வினையடி. பேய் என்பது முடிந்துவிட்டதாகக் கருதப்பட்டும் முடியாமல் எஞ்சியிருக்கும் ஒன்று என்பதை இவ்விரு மொழிகளின் சொற்களும் முன்னமே பதிவு செய்திருக்கின்றன.

சூனியக்காரிகளையும் ஆவி உலவும் குடும்பங்களையும் பேசும் கோதிக் நாவல்கள் வாசகரை ஏன் ஈர்க்கின்றன என்னும் வினாவுக்கு, அச்சத்தில் ஓர் இன்பம் உண்டு என்பதே வழக்கமான விடை. இவ்விடை தவறன்று, போதாது. எதைக் குறித்த அச்சம், யாருடைய வீட்டில், எந்தச் சொற்களால் என்பதை அது விளக்குவதில்லை. கொல்கத்தாவை மையமாகக் கொண்டு வளர்ந்த வங்கப் புனைகதை இவ்வினாவை ஆராய ஏற்ற களம்.

ஆங்கிலக் கோதிக் நாவலின் தொடக்கமாகக் கருதப்படும் ஹொரேஸ் வால்போலின் ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’ 1764-இலும், ஆன் ராட்கிளிஃபின் ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’ 1794-இலும் வெளிவந்தன. இரண்டிலும் பயங்கரம் குடிகொண்டிருக்கும் கோட்டை இத்தாலியில் இருக்கிறது. காலத்தால் பழையது, இடத்தால் தொலைவானது, சமயத்தால் அயலானது. லண்டன் வாசகர் தம் வீட்டுக் கணப்பருகே அமர்ந்து பிறர் வீட்டுப் பேயைக் கண்டார்.

இவ்வகை எழுத்து கொல்கத்தாவுக்குப் புத்தக மூட்டைகளாகக் கப்பலேறி வந்தது. 19-ஆம் நூற்றாண்டு இந்திய வாசகர் மிகுதியும் விரும்பிப் படித்த ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் அல்லர், ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ் என்பதைப் பிரியா ஜோஷியின் ஆய்வு நூலகப் பதிவேடுகளைக் கொண்டு காட்டியுள்ளது. ரெய்னால்ட்ஸ் லண்டனின் மர்மங்களையும் ஓநாய் மனிதனின் கதையையும் எழுதியவர். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் அவரைத் தழுவி எழுதிய வரலாறும் இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. வாங்கிப் படிக்கும் கூட்டமும் அப்போது பெருகியிருந்தது. பாதிரியார் ஜேம்ஸ் லாங் தொகுத்த கணக்கின்படி, 1857-இல் மட்டும் கல்கத்தாவின் 46 அச்சகங்களிலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வங்க நூற்பிரதிகள் விற்பனைக்கு வெளிவந்தன. வடக்குக் கல்கத்தாவின் பட்தலா வட்டாரத்து மலிவு அச்சகங்களுக்கு அதில் பெரும் பங்குண்டு.

ஆயினும் இறக்குமதியான இவ்வடிவம் வங்கத்தில் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டது. இத்தாலியக் கோட்டை மறைந்தது. அவ்விடத்தில் ‘அந்தர்மகல்’ எனப்பட்ட, பெண்கள் வாழும் உள்வீடு வந்தது.

அதற்கான சொற்கள் ஏற்கெனவே அங்கு இருந்தன. வங்கப் பேய்களின் பெயர்ப்பட்டியல் ஏறத்தாழ ஒரு குடும்ப அட்டவணை. மணமாகாமலோ மனக்குறையோடோ இறந்தவள் ‘பேத்னி’. மணமானவளாக, சங்கு வளையல் கையிலிருக்க இறந்தவள் ‘ஷாக்சுன்னி’. சங்கசூர்ணி என்பதன் திரிபு. பிராமணன் இறந்தால் ‘பிரம்மதைத்தியன்’. புதையலைக் காப்பது ‘யக்’. யட்சன் என்பதன் மரூஉ. உயிரோடிருக்கும் சூனியக்காரிக்கு ‘டாய்னி’ என்று பெயர். இது ‘டாகினி’யிலிருந்து பிறந்தது. சிலப்பதிகாரம் பிணந்தின்னும் பேயொன்றைக் குறிக்க ஆளும் ‘இடாகினி’யும் இச்சொல்லே. சாதி, மணநிலை, சொத்து ஆகிய மூன்றும் இறப்புக்குப் பின்னும் இப்பெயர்களில் தொடர்கின்றன.

சொத்து என்பது இங்குத் தற்செயலான செய்தியன்று. 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டம், குறித்த நாளில் வரி செலுத்தத் தவறிய ஜமீனை ஏலத்தில் விட்டது. ஒரு குடும்பத்தின் செல்வம் ஒரு நாளில் கைமாறக்கூடும் என்ற நிலை வந்தது. மேலும், வங்கத்தில் வழங்கிய தாயபாக மரபு, ஆண்மக்கள் இல்லாமல் கணவன் இறப்பின் அவனுடைய பங்கைக் கைம்பெண் தன் வாழ்நாள் வரை அனுபவிக்க இடமளித்தது. இந்தியாவின் பெரும்பகுதியில் வழங்கிய மிதாட்சர மரபு, கூட்டுக் குடும்பத்தில் அவளுக்கு இவ்வுரிமையைத் தரவில்லை. ஆகவே வங்கத்து உள்வீட்டின் மூலையிலிருந்த கைம்பெண் இரங்கத்தக்கவளாக மட்டும் இல்லை. குடும்பத்தின் கணக்கில் ஒரு சிக்கலாகவும் இருந்தாள். ரவீந்திரநாத் தாகூரின் ‘சம்பத்தி சமர்ப்பண்’ கதையில், தன் செல்வத்துக்கு ஒரு யக் வேண்டும் என்று கருமி ஒருவன் ஒரு சிறுவனை நிலவறையில் உயிரோடு அடைக்கிறான். அவன் தன் பேரனே என்பது பின்னரே தெரியவருகிறது. ‘மணிஹாரா’வில் நகைகளைப் பிரிய மனமின்றிக் கணவனை விட்டு நீங்கிய மனைவி, எலும்புக்கூடாக அந்நகைகளோடு திரும்புகிறாள். இக்கதைகளில் பேய் வெளியிலிருந்து வீட்டுக்குள் புகுவதில்லை. வீட்டுக் கணக்கிலிருந்தே எழுகிறது.

இவற்றைப் படித்தவர்கள் பேயை நம்பினார்களா என்பது அடுத்த வினா. கல்வி பெற்ற கல்கத்தா நம்பாமலும் இல்லை, முழுதும் நம்பவும் இல்லை. ‘ஆலாலேர் கரேர் துலால்’ நாவலை எழுதியவரும் கல்கத்தா பொது நூலகத்தின் நூலகராக இருந்தவருமான பியாரி சந்த் மித்ரா, 1860-இல் மனைவியை இழந்தபின் ஆவியுலக ஆய்வில் ஈடுபட்டார். 1882-இல் அமைந்த வங்கப் பிரம்மஞான சபைக்குத் தலைவருமானார். தாகூரே 1929-இன் இறுதியில் உமா தேவி என்னும் இளம்பெண்ணை ஊடகமாகக் கொண்டு, இறந்த உறவினரோடு உரையாட முயன்றார். அவற்றின் பதிவுகள் எஞ்சியுள்ளன. ஐயமும் ஆவலும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தன.

இந்த இடைநிலைக்கு வங்க இலக்கணத்தில் ஒரு சொல் உண்டு: ‘நாக்கி’. வாக்கியத்தின் இறுதியில் வந்தால் அது வினாவாகும். நடுவில் வந்தால், சொல்பவர் தாம் கண்டதைச் சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறார் என்று காட்டும். ‘ஷே நாக்கி மொரே கேச்சே’ என்பதைத் தமிழில் ‘அவள் இறந்துவிட்டாளாம்’ என்று சொல்வோம். வினைமுற்றில் ஒட்டும் ‘ஆம்’ செய்யும் வேலையும் அதுவே: செய்தியைக் கடத்தும், பொறுப்பை ஏற்காது.

தாகூரின் பேய்க்கதைகள் இந்த ஒட்டுச்சொல்லை ஒரு கதையளவுக்கு விரித்தவை. 1892-இல் வெளிவந்த ‘கங்கால்’ கதையில், பள்ளிப்பருவத்தில் உடற்கூறு கற்ற அறையில் உறங்க நேர்ந்த ஒருவனிடம் அவ்வறையின் எலும்புக்கூட்டுக்குரியவள் தன் வாழ்வைச் சொல்கிறாள். 1895-இல் வந்த ‘க்ஷுதித பாஷாண்’ இரயில் சந்திப்பொன்றில் வண்டிக்குக் காத்திருக்கும் அந்நியர் ஒருவர் சொல்வது. வண்டி வந்துவிட, கதை பாதியில் அறுகிறது. கேட்டவர் அதைக் கட்டுக்கதை என்கிறார். உடனிருந்த பிரம்மஞான சபை உறவினர் உண்மை என்கிறார். அத்தோடு இருவருக்கும் உறவே முறிந்துபோகிறது. 1898-இன் ‘மணிஹாரா’வைச் சொல்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். கதையை அவர் முடித்ததும், கேட்டிருந்தவர் கதையின் நாயகன் தாமே என்கிறார். ஆனால் தம் மனைவியின் பெயர் வேறு என்றும் சொல்கிறார். மூன்றிலும் ஆசிரியர் எதற்கும் சான்றளிப்பதில்லை. ‘ஆம்’ என்னும் ஒட்டு இறுதிவரை நீங்குவதில்லை.

கோதிக் புனைவின் ஈர்ப்பு இங்குதான் இருக்கிறது எனலாம். வெளிப்படையாகச் சொன்னால் குடும்பம் உடைந்துவிடக்கூடிய செய்திகள் உண்டு: அண்ணியின் பங்கு என்னவாயிற்று, அந்தப் பெண் எப்படி இறந்தாள், அந்த நகைகள் யாரிடம் உள்ளன. இவற்றைக் குற்றச்சாட்டாகச் சொல்ல இயலாத வீட்டில், பேய்க்கதையாகச் சொல்ல இயன்றது. நம்பத் தேவையில்லை என்ற உறுதி கிடைத்தபின்னரே வாசகர் அதைக் கேட்கத் துணிகிறார்.

ஆனால் அந்த ஒட்டு உதிர்ந்தால் என்ன ஆகும்? ‘கங்கால்’ வெளிவந்த அதே 1892-இல் ‘சாதனா’ இதழில் தாகூர் எழுதிய ‘ஜீபித ஓ மிருத’ இவ்வினாவையே கதையாக்குகிறது. ஜமீன்தார் வீட்டுக் கைம்பெண் காதம்பினி இறந்துவிட்டதாகக் கருதப்பட்டுச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள்; அங்கே விழித்தெழுகிறாள். தான் உயிரோடிருப்பதை அவளாலேயே உறுதியாக நம்ப இயலவில்லை. தோழியின் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். அங்கும் அச்சமே மிஞ்சுகிறது. மீண்டும் மைத்துனர் வீட்டுக்கு வந்தபோது, குடும்பத்துக்குத் தீங்கு செய்யாமல் நீங்கிவிடும்படி அவளிடம் மன்றாடுகிறார்கள். இறுதியில் அவள் உள்வீட்டுக் குளத்தில் விழுந்து இறக்கிறாள். அவள் உயிரோடு இருந்தாள் என்பதற்கு அந்தச் சாவே சான்றாகிறது. கதையில் பேய் இல்லை. ‘இறந்துவிட்டாளாம்’ என்பது ‘இறந்துவிட்டாள்’ என்று மாறியது மட்டுமே நிகழ்ந்தது.

நகரத்து உள்வீட்டிலிருந்து மேற்கு வங்கத்தின் வறண்ட மாவட்டங்களுக்குச் சென்றால், ‘டாய்னி’ என்ற சொல் கதைப்பாத்திரத்தை மட்டும் குறிப்பதில்லை. சந்தால் மக்கள் வாழும் பகுதிகளில் நோய்க்கோ சாவுக்கோ காரணமானவள் யார் என்ற கிசுகிசுப்பு எழும்போது, ‘ஜான்குரு’ எனப்படும் குறிசொல்பவரிடம் செல்வது வழக்கமாக இருந்துவந்துள்ளது. மொழியியல் நோக்கில் அவருடைய பணி ஒன்றுதான்: கேள்விப்பட்டதைத் தீர்ப்பாக மாற்றுவது. அவர் பெயரைச் சொன்னபின் ‘ஆம்’ இல்லை. கோவிந்த் கேல்கரும் தேவ் நாதனும் தம் ஆய்வில், இக்குற்றச்சாட்டுகளைக் கைம்பெண்களின் நில உரிமையோடு தொடர்புபடுத்தினர். கல்கத்தாப் பேய்க்கதையின் அடியில் கிடந்த கணக்கே இங்கும் கிடக்கிறது.

பின்வந்த வங்க எழுத்தாளர் இருவர் இதை உணர்ந்து எழுதினர். தாராசங்கர் பந்தோபாத்யாயின் ‘டாய்னி’ கதையில், ஊரார் சொல்லிச் சொல்லி, தான் சூனியக்காரியே என்று ஒரு கிழவி தானும் நம்பிவிடுகிறாள். மகாசுவேதா தேவியின் ‘பாயேன்’ கதையில், இறந்த குழந்தைகளைப் புதைக்கும் குலத்தொழிலைச் செய்தவள் சண்டிதாசி. அவள் பாயேன் என்று ஊருக்கு அறிவிப்பவன் அவளுடைய கணவனே. இரயிலைக் கவிழ்க்கும் சதியைத் தடுக்கத் தண்டவாளத்தில் நின்று அவள் உயிரிழந்தபின், அவள் தன் தாய் என்று மகன் அதிகாரிகள் முன் சொல்கிறான். ஒரு கூற்றால் குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டவளை மற்றொரு கூற்று மீட்கிறது, காலம் கடந்து.

1999-இல் பீகாரும், 2013-இல் ஒடிசாவும் சூனியக் குற்றச்சாட்டுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. 2015-இல் அசாம் சட்டமன்றமும் அவ்வாறே செய்தது. பீகார்ச் சட்டம் ஒருவரைச் சூனியக்காரி என்று அடையாளப்படுத்துவதையே தண்டனைக்குரிய செயலாக்கியது. சொல்வதும் ஒரு செயல் என்பதைச் சட்டமும் ஏற்கவேண்டியிருந்தது.

கல்லூரித் தெருவின் கடைகளில் பேய்க்கதைத் தொகுப்புகள் இன்றும் விற்கின்றன. கொல்கத்தா பண்பலை வானொலியின் ‘சண்டே சஸ்பென்ஸ்’ நிகழ்ச்சியில் பிபூதிபூஷணின் தாராநாத் தாந்திரிகனைக் குரலாகக் கேட்போரும் பலர். இவ்விருப்பத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது குறி தவறிய கண்டனம். பேய்க்கதையைக் கேட்பவர், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே வைத்திருக்கும் பயிற்சியைப் பெறுகிறார். சூனியக்காரி என்று ஒருத்தியை அடித்துத் துரத்தும் கூட்டத்துக்கு இல்லாதது அப்பயிற்சியே. காதம்பினியின் வீட்டாருக்குப் பேய்களைப் பற்றித் தெரிந்திருந்தது. ‘ஆம்’ என்று நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை.