சீனப் பாதையில் சோழமண்டலத் துணி

பிரித்தானியரின் சீன வணிகத்தை எழுதுவோர் வங்காள அபினியையும் காண்டன் தேயிலையையும் மட்டுமே பேசுகின்றனர். இடையிலிருந்த மலாய்க் கடலில் நாகூர், பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் கலங்கள் ஓடியதை மறந்துவிடுகின்றனர்.

சீனர் ஆங்கிலேயக் கம்பளியைப் பெரிதும் விரும்பவில்லை. தேயிலைக்கு வெள்ளியே கேட்டனர். வெள்ளிச் செலவைக் குறைக்க, காண்டனில் விலைபோகும் மிளகும் வெள்ளீயமும் தேவைப்பட்டன. அவற்றை மலாய்த் துறைகளில் பெறச் சோழமண்டலத் துணியே ஏற்ற மாற்றுச் சரக்கு. ஆதலால், 1786இல் பினாங்கில் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட்டுக்குச் சூலியர் எனப்பட்ட நம் வணிகர்கள் வேண்டியவர்களாயினர். ஆண்டுதோறும் இக்கரையிலிருந்து 1300 முதல் 2000 பேர் வரை கப்பலில் வருவதாக 1794இல் அவரே எழுதினார். அவர்களின் தலைவரான காதர் முகைதீனின் பதவிப் பெயரைத் தாங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது.

ஒன்றை மறைத்தல் கூடாது. அத்தீவின் அரசு வருவாயில் அபினிக் குத்தகைக்கும் பங்குண்டு. 1834இல் கும்பினியின் சீன ஏகபோகம் முடிவுற்றது. 1839இல் அபினிப் போர் மூண்டது. 1841 மே மாதம் காண்டனை அடுத்த சான்யுவான்லியில், மழையில் நனைந்து வெடிக்க மறுத்த துப்பாக்கிகளுடன் சீனக் குடியானவர்களிடம் சிக்கி நின்றவர்கள், சென்னைப் படையின் 37ஆம் அணிச் சிப்பாய்கள்.