நஞ்சியம்மா

இருளர் இனப் பாடகர், பாடலாசிரியர். கொங்கு நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலையில் வாழ்பவர். ஆடு மாடு மேய்ப்பவர். பழனிசாமி என்ற கலைஞரின் ஆசாத் கலா சங்கம் என்னும் குழுவோடு மேடையேறினார். சச்சி இயக்கிய ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) மலையாளப் படத்துக்காக ‘களக்காத்த’ பாடலை இருளர் மொழியில் தாமே கட்டிப் பாடினார். இசை ஜேக்ஸ் பிஜோய். 2022இல் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியானார். சச்சிக்கும் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. சச்சி 2020 ஜூனிலேயே காலமாகியிருந்தார். முறையான சங்கீதப் பயிற்சி இல்லாத நஞ்சியம்மாவுக்குப் பாடகி விருதா என்று சிலர் முணுமுணுத்தனர். காட்டுப் பாட்டைக் கச்சேரிக் கோலால் அளந்த வாதம் அது. இசைக் கலைஞர்கள் பலர் நஞ்சியம்மாவின் பக்கமே நின்றனர்.