பெயரும் பிறப்பிடமும்: அபிசீனியப் பூனை

வண்டன்மேட்டு மலைகளில் விளையும் ஏலக்காய், வணிகத்தில் ‘ஆலப்பி கிரீன்’ எனப்படுகிறது. விளைந்த மலை மறைந்து, சரக்குத் திரண்ட துறைமுகமே பெயராயிற்று. அபிசீனியப் பூனையின் பெயரையும் இவ்வாறே ஐயுற வேண்டும்.

ஒவ்வொரு மயிரிலும் வெளிர்நிறமும் கருநிறமும் மாறிமாறி அமைந்த மேனியே இவ்வினத்தின் தனி அடையாளம். 1868இல் அபிசீனியப் போர் முடிந்து திரும்பிய பிரித்தானியர் கொண்டுவந்த ‘ஜூலா’வே இதன் மூதாய் என்பது வழக்கு. எனினும் இன்றைய இனத்தை ஜூலாவோடு இணைக்கும் வம்சாவளிச் சான்று இல்லை. 1830களிலேயே லெய்டன் அருங்காட்சியகம் பெற்ற, இதே மேனியுடைய பூனையின் குறிப்புச்சீட்டு ‘இந்தியா’ என்கிறது. பிற்கால மரபணு ஆய்வுகளும் இந்தியப் பெருங்கடற் கரையையே சுட்டுகின்றன.

இடப்பெயர் அடையைச் சான்றாகக் கொள்ளுமுன் நாம் வினவ வேண்டியது ஒன்றுண்டு: அப்பெயரை இட்டவர் யார், எந்தத் துறையில் நின்று?