கத்தோவும் பலகாரமும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் தீபாவளி நெருங்கிவிட்டால் லயங்கள்தோறும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும். முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் முன்னரே தகர டின்களில் நிறைந்துவிடும். வடை மட்டும் பண்டிகை விடியலில் சுடச்சுட எடுக்கப்படும். இவை யாவற்றுக்கும் பொதுப்பெயர் பலகாரம். துரையின் பங்களாக் குசினியில் வெந்த பண்டத்தின் பெயரோ கேக். அச்சொல் பின்னாளில் லயத்துக்குள்ளும் புகுந்தது. ஆயினும் கேக்கை மட்டுமே குறித்து நின்றது. வடையின் பெயரை அது தொடவில்லை.

இதில் வியப்பென்ன என்று மாணவர் வினவக்கூடும். மொரீசியசுத் தீவின் வழக்கை அருகில் வைத்து நோக்கினால் வியப்புப் புலனாகும். அங்கே பருப்பை ஊறவைத்து அரைத்து, மிளகாயும் வெங்காயத்தாளும் சேர்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் உருண்டைக்குக் 'கத்தோ பிமா' என்று பெயர். மிளகாய்க் கேக் என்பது அதன் நேர்ப்பொருள். செய்முறையைக் கண்ட எவரும் அது நம் பருப்பு வடையே என்பர்.

'கத்தோ' என்பது பிரெஞ்சுச் சொல். பாலேடும் பழமும் செறிந்த உயர்தரக் கேக்கை அப்பெயரால் குறிக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் பரவியது. ஆனால் சொல்லின் பிறப்பு எளியது. பழைய பிரெஞ்சில் அது 'கஸ்தெல்'. அதற்கும் முன்பு, பிராங்கியர் பேசிய செருமானிய மொழியில் வெறும் உணவைக் குறித்த சொல் அதன் வேர் என்பர் மொழிநூலார். இன்று அதன் முதல் உயிரெழுத்தின் தலையில் இருக்கும் கூரைக்குறி, மறைந்துபோன 'ஸ்' ஒலியின் நினைவுச் சின்னம். நார்மானியர் அதனை 'வஸ்தெல்' என வழங்கினர். அது இங்கிலாந்தில் வெள்ளை மாவு ரொட்டிக்குப் பெயராயிற்று. சாசரின் காண்டர்பரிக் கதைகளில் வரும் கன்னிமாடத் தலைவி அந்த ரொட்டியைத் தன் நாய்க்குட்டிகளுக்கு ஊட்டுகிறாள். ஏழைகள் கண்டறியாத ரொட்டி அது!

பலகாரமும் இவ்வாறே பொருள் மாறிய சொல். 'பலாகாரம்', அதாவது பழவுணவு, என்ற வடசொல்லின் வழிவந்தது அது. நோன்பு நாளின் எளிய உணவைக் குறித்த சொல், நாளடைவில் எண்ணெயும் நெய்யும் சொட்டும் பண்டங்களுக்கு உரியதாயிற்று.

மொரீசியசில் இவ்விரு சொற்களும் சந்தித்தன. 1735-இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞரை அங்கு வரவழைத்தார். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரும் அங்கே பிரெஞ்சின் வழிவந்த கிரியோலையே பொதுமொழியாகக் கண்டனர். அம்மொழியில் கத்தோ என்பது கேக்கை மட்டுமன்றி, பொரித்த தின்பண்டங்களையும் குறிக்கும். பலகாரம் என்னும் சொல் ஆற்றிய பணி முழுவதையும் அது ஏற்றுக்கொண்டது எனலாம். பண்டம் நிலைத்தது, பொதுவழக்கில் தமிழ்ப்பெயர் உதிர்ந்தது.

நெகிரி செம்பிலானில் அவ்வாறு நேராமைக்குச் சுவைப்பற்றைக் காரணமாகக் காட்டுவது போதாது. இங்குக் கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தார். 1938-இல் இந்திய அரசு ஆள்சேர்ப்பைத் தடுக்கும்வரை ஊருக்குப் போவதும் மீள்வதும் இயல்பாக இருந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. பல பள்ளிகள் ஒழுகும் கொட்டகைகளே. ஆசிரியர் சிலர் கிராணி வேலையும் சேர்த்துப் பார்த்தனர். நிருவாகங்கள் தமிழ் வளர்க்க விரும்பின என்று எவரும் கொள்ள வேண்டா. ஆட்களைத் தோட்டத்தில் நிறுத்தி வைப்பதே அவர்தம் நோக்கம். எனினும் வடை என்று வாயால் சொன்ன பிள்ளை அதனைக் கையாலும் எழுதியது.

தோட்டத் தமிழ் பிறமொழிக்குக் கதவடைத்ததுமன்று. சந்தையைப் 'பாசார்' என்றது. தமிழ் மலாய்க்கு அப்பத்தையும் கறியையும் தந்தது.

1970-களுக்குப் பின் ரப்பர் அழிந்து செம்பனை பரவியது, லயத்து மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்தனர். பிள்ளைகள் குறைந்த பள்ளிகள் பல. இரவுச் சந்தைகளில் மலாய்க்காரரும் சீனரும் வடையை அதன் பெயர்சொல்லியே கேட்டு வாங்குகின்றனர். மொரீசியசின் ரூபாய்த் தாளில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. அத்தாளை நீட்டி, அத்தீவினர் வாங்குவது கத்தோ பிமா.