குடும்ப வன்முறையும் சிங்கப்பூர் மாதர் முயற்சியும்

சிராங்கூன் சாலையில் முகூர்த்த நாளன்று வீரமாகாளியம்மன் கோயில் பக்கமோ சீனிவாசப் பெருமாள் கோயில் பக்கமோ செல்வோர், மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமக்களைக் காணாமல் திரும்புவதில்லை. தாலி ஏறிவிட்டால் மட்டும் அம்மணம் சட்டப்படி செல்லாது, பதிவும் வேண்டும். இவ்விதி 1961 செப்டம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த மணமே போதும். அதே வழக்கத்தின் துணையோடு, முதல் மனைவி அடுப்படியில் இருக்கும்போதே இரண்டாமவளை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினோரும் உண்டு. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது, 1961 மே 24ஆம் நாள் சட்டமன்றத்தில் நிறைவேறிய மாதர் சாசனம்.

அதன் பின்னணியில் நின்றோருள் முதலில் குறிக்கத்தக்கவர் ஷிரின் போஸ்தார் அம்மையார். 1905இல் பம்பாயில் பாரசீகக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவரான கணவருடன் 1950இல் சிங்கப்பூர் வந்தார். 1952இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றத்தின் செயலாளராகப் பலதார மணத்தை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். போரால் நலிந்த பெண்டிரையும் அநாதைக் குழந்தைகளையும் தம் இல்லத்திலேயே பேணிய சே ஸஹாரா அம்மையாரும் அவருடன் சேர்ந்து உழைத்தவர். 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி ஒருவனுக்கு ஒருத்தி என்பதை வாக்குறுதியாக்கியது. அக்கட்சியின் சான் சோய் சியோங் அம்மையார் சட்டமன்றத்தில் அதற்காக வாதாடினார். இவ்வரலாறு பலரும் அறிந்ததே.

ஆயின் அந்தச் சாசனம் எட்டாத ஓர் இடம் இருந்தது. ஒரு மனைவி மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்லிய சட்டம், அந்த ஒருத்தியை அடித்தால் என் செய்வது என்பதற்குத் தக்க வழி காட்டவில்லை. கணவன் கையால் காயமுற்றுக் காவல் நிலையம் சென்ற பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? சாதாரணக் காயம் விளைவிப்பது, ஆணையின்றிக் காவலர் கைது செய்யக்கூடிய குற்றமன்று. அவளே நீதிபதியிடம் சென்று முறையிட வேண்டும். முறையிட்டுவிட்டு அன்றிரவு அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்! மனைவிக்கும் மக்களுக்கும் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை வழங்கலாம் என்னும் திருத்தம் 1980இல்தான் வந்தது.

நம்மவர் இதனைப் பேசாமல் இருந்தனர் என்பதில்லை. பேசும்போதெல்லாம் கள்ளின்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போயினர் என்பதே என் கருத்து. தோட்டத்துப் பள்ளியில் யானும் அவ்வாறே இருந்தேன். நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி, திங்கட்கிழமை தோறும் மேசையில் தலைவைத்து உறங்குவாள். அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று என் கையாலேயே எழுதினேன், ஓராண்டு முழுவதும். சம்பளம் வாங்கிய வார இறுதிகளில் அவ்வீட்டில் ஒருவரும் உறங்கியதில்லை என்பதைப் பின்னாளில் அவள் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். ஆசிரியப் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதக் கற்றோம். அந்த உறக்கத்தைப் படிக்கக் கற்கவில்லை.

சரியானதை எழுதி வைப்பதே ஒரு பெரும் பணி என்பதைச் சிங்கப்பூர் மாதர் சிலர் உணர்ந்திருந்தனர். படித்த பெண்கள் மணம் செய்துகொள்ளாமல் இருப்பது பற்றிப் பிரதமர் லீ குவான் இயூ 1983இல் ஆற்றிய உரை பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அதன் விளைவாக 1984இல் மாதர் பலர் ஒரு கருத்தரங்கில் கூடினர். 1985இல் 'அவேர்' என்னும் சங்கம் பிறந்தது. செயலுக்கும் ஆராய்ச்சிக்குமான மாதர் சங்கம் என்பது அப்பெயரின் விரிவு. ஆராய்ச்சி என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்தது நோக்கத்தக்கது. நூலகத் துறையின் ஹெட்விக் அனுவார், மானிடவியலறிஞர் விவியன் வீ, முதல் தலைவராகிய லீனா லிம் முதலியோர் அதனைத் தொடங்கியவர்கள். 1991இல் அச்சங்கம் தொலைபேசி உதவிச் சேவையைத் தொடங்கியது. அண்டை வீட்டாரிடமும் சொல்ல இயலாததை முகமறியாத ஒருத்தியிடம் சொல்ல அங்கு இடம் கிடைத்தது.

இவர்களுள் டாக்டர் கன்வல்ஜித் சோயின் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலும்பு அறுவை மருத்துவர். 1992இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினரான முதல் பெண்மணி. 1995இல் குடும்ப வன்முறை மசோதாவைத் தனி உறுப்பினராக மன்றத்தில் கொணர்ந்தார். எங்கள் மலேசியாவில் அதற்கு முந்திய ஆண்டே குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியிருந்தது. சிங்கப்பூரில் அந்த நவம்பரில் மசோதா தோற்றது. அதே காலத்தில் மற்றொரு நியமன உறுப்பினர் வால்டர் வூன் கொணர்ந்த பெற்றோர் பராமரிப்பு மசோதா சட்டமாகிவிட்டது. முதுமையில் தந்தைக்குச் சோறிடாத மகனைத் தட்டிக் கேட்க மன்றம் இசைந்தது. மனைவியை அடிக்கும் கணவனுக்கெனத் தனிச்சட்டம் இயற்ற இசையவில்லை. இரண்டும் வீட்டுக்குள் நடப்பவைதாமே!

தோல்வி என்று அதனை எழுதிவிட முடியாது. 1996இல் மாதர் சாசனம் திருத்தப்பெற்றது; 1997 மே மாதம் நடப்புக்கு வந்தது. காயப்படுத்துவதோடு, அச்சுறுத்துவதும், அடைத்து வைப்பதும், ஓயாது தொல்லை தருவதும் குடும்ப வன்முறை ஆயின. பெற்றோர், உடன்பிறந்தார், மாமன் மாமியார்க்கும் பாதுகாப்பு விரிந்தது. ஆணையை மீறுவோனைக் காவலர் உடனே கைது செய்யலாம். கட்டாய ஆலோசனைக்கு அனுப்பவும் நீதிமன்றம் அதிகாரம் பெற்றது.

ஆலோசனை கூறத் தக்கவர் யார் என்ற வினா அதன்பின் எழுந்தது. இங்குதான் ஆன் வீ அம்மையாரின் நீண்ட உழைப்புப் பயன்பட்டது. 1950இல் சிங்கப்பூர் வந்த அவர், பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறையின் தலைவராக நெடுங்காலம் இருந்து பயிற்சி பெற்றோர் பலரை உருவாக்கியவர், 2019இல் மறைந்தார். 1999இல் சுதா நாயர் அம்மையார், குடும்ப வன்முறைக்கென்றே 'பேவ்' என்னும் மையத்தை அங் மோ கியோவில் நிறுவினார். அடிபட்டவளுக்கு மட்டுமன்றி, அடித்தவனுக்கும் அதைப் பார்த்து வளரும் குழந்தைக்கும் அங்கு ஆலோசனை உண்டு. அக்குழந்தையையும் கணக்கில் சேர்த்ததை, ஆசிரியனாகிய யான் எல்லாவற்றினும் மேலாகக் கருதுகின்றேன்.

2023இல் மீண்டும் ஒரு திருத்தம் நிறைவேறி, அதன் விதிகள் 2025 ஜனவரி 2ஆம் நாள் நடப்புக்கு வந்தன. உடல் வதையோடு பாலியல் வதையும் மனவதையும் இப்போது சட்டத்தில் வெளிப்படையாகப் பெயர் பெற்றுள்ளன. பதினெட்டு வயது நிரம்பியவர் தாமே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். முன்பு இருபத்தொன்று ஆக வேண்டும். 2021இல் அரசு தொடங்கிய இருபத்துநான்கு மணிநேரத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம்.