காவலும் தாமதமும்: புத்தளக் கரையோர வரலாற்றின் ஒளியில் பாதுகாப்புச் சில்லின் இயக்கிநிரல்

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் புதிய பொறிகளின் தோற்றத்துக்கே பெரிதும் முதன்மை அளிப்பர். ஏற்கெனவே உள்ள பொறியொன்றைக் கையாளும் முறையில் ஏற்படும் மாற்றங்கள் அவர்தம் நூல்களில் அடிக்குறிப்புகளாகவே எஞ்சுகின்றன. அவ்வாறான அடிக்குறிப்பு ஒன்றையே இக்கட்டுரை ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. கணினியின் நம்பகத்தன்மைக்குச் சான்று பகரும் பாதுகாப்புச் சில்லை லினக்ஸ் இயங்குதளத்தில் இயக்கும் நிரல், 2017 முதல் 2024 வரை எவ்வாறு விரைவுபடுத்தப்பட்டது என்பதை இங்கு நோக்குவோம். காவல் உள்ள இடத்தில் தாமதமும் இருந்தே தீரும் என்பது பொதுநம்பிக்கை. அத்தாமதம் காவலின் இயல்பா, அன்றிக் காவலை நடத்துவோர் ஆக்கிக்கொண்டதா என்பதே நம்முன் உள்ள வினா. இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. புத்தளக் கரையோரத்தின் வரலாற்றிலேயே அதற்குச் சான்றுகள் உள.

1. கரையோரச் சான்றுகள்

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கினார். அங்கு ஆட்சி செலுத்திய ஆரியச் சக்கரவர்த்தி, அவர் பாவாத மலைக்குச் சென்று மீளும் பொருட்டுப் பல்லக்கும் வழித்துணைவரும் அளித்த செய்தியை அவரது பயணக் குறிப்புகள் தருகின்றன. பயணத்தை நடத்திவைக்கும் காவல் இது.

மூன்று நூற்றாண்டுகளின் பின் இதே கரையில் வேறுவகைக் காவல் எழுந்தது. 1667க்கும் 1676க்கும் இடையில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டினர். புத்தளக் களப்பின் வாயிலைத் தம் பிடியில் வைத்துக் கண்டி இராச்சியத்துக்கும் இந்தியக் கரைக்கும் இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கமாகும். இங்கு பயணத்தை நிறுத்துவதே காவலாயிற்று. ஒன்று வழித்துணை, மற்றையது தடை. இரண்டையும் காவல் என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கிறோம். வேறுபாட்டை உண்டாக்கியது காவலர் கைக்கொண்ட நடைமுறையும் அதன் பின்னிருந்த பொருளாதார நலனுமே.

அண்மைக்காலத்தில் காவல் கோட்டையிலிருந்து பதிவேட்டுக்குப் பெயர்ந்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். எம்மாவட்டப் பதிவேட்டில் தம் பெயர் உள்ளது என்பது அவர்தம் வாக்குரிமையோடும் நிவாரணத்தோடும் பிணைந்த வினாவாயிற்று. பதிவேடுகள் இன்று கணினிக்குள் புகுகின்றன. தனித்துவ இலக்கமுறை அடையாளத் திட்டத்துக்கான இந்திய நன்கொடை குறித்து இரு அரசுகளும் 2022இல் உடன்படிக்கை செய்தன. இந்நிலையில், பதிவேட்டைத் தாங்கும் கணினி நம்பத்தக்கதா என்பது பொறியியலாளருக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் உரிய வினாவாகிறது. அதற்கு விடைகூற முற்பட்ட கருவியே பாதுகாப்புச் சில்லு.

2. சில்லும் அதன் தூதுவனும்

1999இல் கொம்பாக், எச்.பி., ஐ.பி.எம்., இன்ரெல், மைக்ரோசொப்ற் ஆகிய நிறுவனங்கள் நம்பகக் கணிமைக்கான கூட்டணியொன்றை அமைத்தன. 2003இல் அது மறுசீரமைக்கப்பட்டது. இதன் விளைபொருளே ரி.பி.எம். எனச் சுருக்கமாக வழங்கும் நம்பகத் தளக் கூறு ஆகும். இச்சில்லு யாருக்காகக் காவல் புரிகிறது என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. 2002இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மனும் கேம்பிரிட்ஜ் அறிஞர் றொஸ் அண்டர்சனும், கணினியை அதன் உரிமையாளருக்கு எதிராகவே நிறுவனங்கள் பூட்டிவைக்க இது இடமளிக்கும் என எச்சரித்தனர். கற்பிட்டிக் கோட்டையை அறிந்தோருக்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று.

சில்லின் பணி எளிமையானது. அதனுள் பதிவகங்கள் உள்ளன. கணினி ஒரு கோப்பை இயக்குமுன் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட சுருக்க எண்ணைச் சில்லுக்கு அனுப்புகிறது. சில்லு தன் பழைய பெறுமதியையும் புதிய எண்ணையும் சேர்த்து மீண்டும் சுருக்கிப் பதிவகத்தில் வைக்கிறது. இதனை நீட்டித்தல் என்பர். முன்னர் நுழைந்த எதையும் பின்னர் வந்தவர் அழித்துவிட இயலாது. லினக்ஸின் மையநிரலில் இச்சில்லுக்கான இயக்கிநிரல் 2005இலும், கோப்புகளை அளந்து பதியும் முழுமைக் கண்காணிப்பு அமைப்பு 2009இலும் இடம்பெற்றன. இவ்விரண்டிலும் ஐ.பி.எம். ஆய்வாளரின் பங்கு பெரிது.

இயக்கிநிரல் என்பது மையநிரலுக்கும் சில்லுக்கும் இடையே தூது செல்லும் நிரலாகும். ரி.பி.எம். 1.2 சில்லில் ஒரு நீட்டித்தல் கட்டளை 34 பைற்று நீளமானது. ஒரு தடவைக்கு 8 பைற்று மட்டுமே ஏற்கும் சில்லுக்கு அதனை ஐந்து தவணைகளாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் இயக்கிநிரல் சில்லின் நிலையைக் கேட்கிறது. அது ஆயத்தமாக இல்லையெனில் சற்று உறங்கி மீண்டும் கேட்கிறது.

3. தாமதம் குடிகொண்டிருந்த இடம்

அவ்வுறக்கத்திலேதான் சிக்கல் இருந்தது. உறங்காது ஓயாமற் கேட்டுக்கொண்டிருந்தால் மையச்செயலியின் உழைப்பு வீணாகும். ஆதலின் உறக்கம் நியாயமானதே. ஆனால் அதற்குப் பயன்பட்ட பழைய கட்டளை, மையநிரலின் கடிகாரத் துடிப்பை அளவாகக் கொண்டது. செக்கனுக்கு 100 துடிப்பு எனில் ஒரு துடிப்பு 10 மில்லிசெக்கன். ஒரு மில்லிசெக்கன் உறங்குமாறு பணித்தாலும் உறக்கம் 20 மில்லிசெக்கன் வரை நீளக்கூடும் என மையநிரலின் ஆவணங்களே கூறின. சில்லு விடையை ஆயத்தம் செய்து காத்திருக்கத் தூதுவன் உறங்கிக்கொண்டிருந்தான் என்பதே உண்மை நிலை. சில்லின் மந்தம் எனப் பலரும் கருதியதன் பெரும்பகுதி தூதுவனின் மந்தமே.

2017இல் ஹம்சா அட்டக் அளித்த திருத்தம், அக்கட்டளையை நீக்கி நுண்செக்கன் அளவில் உறங்கும் கட்டளையை அவ்விடத்தில் வைத்தது. இன்பினியன் நிறுவனத்தின் ரி.பி.எம். 1.2 சில்லில் ஆயிரம் நீட்டித்தல்களுக்கு முன்னர் 1 நிமிடம் 57 செக்கன் பிடித்தது. திருத்தத்தின்பின் 40 செக்கன் போதுமாயிற்று. ஒவ்வொரு சில்லிலும் 1 கோடி நீட்டித்தல்கள் நிகழ்த்தப்பட்டு, பதிவகப் பெறுமதி பிழையாகவில்லை என்பதும் சரிபார்க்கப்பட்டது. காவல் தளரவில்லை, தாமதமே குறைந்தது.

2018இல் ஐ.பி.எம். பொறியியலாளர் நைனா ஜெயின் இப்பணியை முன்னெடுத்தார். கட்டளையை அனுப்பியபின் விடைக்காகக் காத்திருக்கும் இடைவெளி 5 மில்லிசெக்கனிலிருந்து 1 மில்லிசெக்கனாகக் குறைந்தது. 8 பைற்றுத் தவணை கொண்ட சில்லொன்றில் ஆயிரம் நீட்டித்தல்களுக்கான நேரம் ஏறக்குறைய 14 செக்கனிலிருந்து 10.7 செக்கனாயிற்று. நிலையைக் கேட்கும் இடைவெளியும் நுண்செக்கனுக்கு இறக்கப்பட்டதும் அது 7 செக்கனாகியது. சில்லில் ஓர் அணுவும் மாறவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

ஆயிரக்கணக்கான கோப்புகளை அளக்கும் கணினியில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஒவ்வொரு கோப்புக்கும் நூறு மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட தாமதம் ஏற்படுமாயின், நிர்வாகி அக்கண்காணிப்பையே அணைத்துவிட எண்ணுவது இயல்பு. ஆகவே இத்திருத்தங்கள் வசதிக்கானவை மட்டுமல்ல, காவல் கைவிடப்படாதிருக்கவும் அவை துணைநின்றன.

4. விரைவின் எல்லை

இவ்வரலாற்றை நேர்கோட்டு முன்னேற்றமாகக் காண்பது பொருந்தாது. 2017இன் மாற்றம் இடம்பெற்ற 4.14ஆம் பதிப்பிலிருந்து அற்மெல் நிறுவனத்தின் ரி.பி.எம். 1.2 சில்லுகள் சில பணிகளின்போது செயலிழந்தன. அடுக்கடுக்கான வினாக்களை அவற்றால் தாங்க இயலவில்லை. பழைய நெடிய உறக்கம் அச்சில்லுகளுக்கு அறியாமலே பாதுகாப்பளித்து வந்திருக்கிறது. 2021இல் ஹாவோ வூ அளித்த திருத்தம், அற்மெல் சில்லுகளுக்கு மட்டும் ஏறக்குறைய 15 மில்லிசெக்கன் இடைவெளியை மீட்டளித்தது. எல்லாரையும் பழைய வேகத்துக்குத் திருப்பாமல், தேவைப்பட்டோருக்கு மட்டும் பொறுமை காட்டிய தீர்வு இது.

2024இல் சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வந்தது. சில்லுக்குச் செல்லும் பாதையில் ஒட்டுக்கேட்பதையும் திரிப்பதையும் தடுக்கும் பாதுகாப்பு, ஜேம்ஸ் பொட்டம்லியின் முயற்சியால் 6.10ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஒவ்வொரு நீட்டித்தலுக்கும் இப்பாதுகாப்பு வேண்டியிருந்தமையாற் கோப்புக் கண்காணிப்பில் நெருக்கடி தோன்றியது. நீட்டித்தல்களுக்கு மட்டும் அதனை விலக்கிவைக்கும் தெரிவு பின்னர் வழங்கப்பட்டது. தாமதம் மிகும்போது காவலின் ஒரு பகுதி விட்டுக்கொடுக்கப்படுகிறது என்ற நம் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. முடிபு

மேற்கண்டவற்றிலிருந்து இரு முடிபுகளுக்கு வரலாம். முதலாவது, காவலின் பெயரால் சுமத்தப்படும் தாமதம் முழுவதும் காவலுக்கு உரியதன்று. அதிற் பெரும்பகுதி நடைமுறையின் பழக்கத்தால் விளைவது, அளந்து பார்த்தால் வெளிப்படுவது, மாற்றத்தக்கது. இரண்டாவது, அவ்வாறு அளந்து பார்க்க இயன்றமைக்குக் காரணம் இயக்கிநிரல் பொதுவில் வாசிக்கத்தக்க நூலாக இருந்தமையே. சில்லின் உட்புறம் நிறுவனத்தின் இரகசியமாகலாம். தூதுவனின் நடையோ எவரும் கண்டு திருத்தக்கூடியதாக இருந்தது. அதனாலேயே வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தோர் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர முடிந்தது.

அடையாளம், வாக்கு, நிவாரணம் ஆகியவற்றைக் கணினியிடம் ஒப்படைக்கும் சமூகம் இவ்விரு முடிபுகளையும் தன் கோரிக்கைகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். வரிசையில் காத்திருப்போரிடம் பாதுகாப்பின் பொருட்டே இத்தாமதம் என்று கூறப்படுமாயின், எத்துணை நேரம் சரிபார்ப்புக்குச் செல்கிறது, எத்துணை நேரம் இடையிலுள்ளோரின் உறக்கத்துக்குச் செல்கிறது என வினவும் உரிமை அவர்களுக்கு உண்டு. வழித்துணையான காவலையும் வாயிலை அடைத்த காவலையும் ஒருங்கே கண்ட புத்தளக் கரையோரத்து மக்களுக்கு அவ்வினாவைத் தொடுக்கும் தகுதி மிகவும் உண்டு.