பெயர் தெரியாத பூவும் ஒரு கோடி ரூபாயும்

பேங்கில் கணக்குத் தொடங்க வருபவரிடம் நாங்கள் அடையாளச் சான்று கேட்பது போல, தாவரவியல்காரர்களும் ஒரு செடிக்குப் பெயர் வைக்கும் முன் ஆயிரம் ஆதாரம் கேட்பார்கள். வெறும் பூவை நீட்டினால் வேலைக்கு ஆகாது. 

இங்கே கொல்கத்தாவில், ஹூக்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1817-லிருந்து பொறுப்பாளராக இருந்தவர் நத்தானியேல் வாலிச். டென்மார்க்காரர், டாக்டர். 1808-ல் ஆங்கிலேயர் செராம்பூரைப் பிடித்தபோது கைதியானவர். செடிகளைப் பற்றிய அறிவுதான் அவரை வெளியே கொண்டுவந்தது.

முதல் பர்மா போர் 1826 பிப்ரவரியில் யாண்டபோ ஒப்பந்தத்தோடு முடிந்தது. தோற்றவர்கள் அரக்கானையும் தெனாசரிமையும் விட்டுக்கொடுத்து, மேற்கொண்டு ஒரு கோடி ரூபாயும் கட்ட வேண்டும். (அந்தக் காலத்து ஒரு கோடி, சார்!) அந்தச் சமயத்தில் மர்தபான் பக்கம் போன ஜான் க்ராஃபர்ட் என்ற அதிகாரி, யாரும் எழுதிவைக்காத ஒரு சிவப்புப் பூவைப் பார்த்தார். அவர் கொடுத்த காய்ந்த மாதிரி வாலிச்சின் கைக்கு வந்தது. காய்ந்த பூவை வைத்து என்ன சொல்ல முடியும்?

தேக்குக் காடுகளைப் பார்வையிடும் வேலையாக 1827-ல் வாலிச்சே சால்வீன் ஆற்றுப் பக்கம் போனார். கோகுன் குகைகளுக்கு அருகே, பாழடைந்த ஒரு புத்த மடத்தின் தோட்டத்தில் இரண்டு மரங்கள். பெரியது சுமார் 40 அடி. குகைக்குள் புத்தர் சிலைகளின் முன்னால் அதே பூக்கள் கைநிறைய வைக்கப்பட்டிருந்தன.

பூவைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெரியும். கொத்து தலைகீழாகத் தொங்குகிறது. ஐந்து இதழ்களில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரியும், இரண்டு பொடிசு. மேல் இதழின் நுனியில் மஞ்சள். பத்து மகரந்தத் தாள்களில் ஒன்பது ஒன்றாய் ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் தனி. அவரைக் குடும்பம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவரை தெரிந்த எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. ஆகவே புதுப் பேரினம்: ஆம்ஹர்ஸ்டியா நோபிலிஸ். இன்றுவரை அந்தப் பேரினத்தில் இந்த ஒரே ஒரு மரம்தான்.

ஆம்ஹர்ஸ்ட் யார்? அந்தப் போரை நடத்திய கவர்னர் ஜெனரல். செடிகளில் ஆர்வமுள்ள அவர் மனைவிக்கும் மகளுக்கும் மரியாதையாக வைத்த பெயர் என்கிறார் வாலிச். இருக்கட்டும். பர்மாவில் ஒரு ஊருக்கும் 1826-லேயே அதே பெயர் வைத்தாகிவிட்டது. ஊர் இப்போது சைக்கமி ஆகிவிட்டது, மரம் மட்டும் ஆம்ஹர்ஸ்ட் குடும்பத்தை விடவில்லை.

1830-ல் வாலிச்சின் புத்தகம் வந்ததும் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு ஆசை தொற்றிக்கொண்டது. டெவன்ஷயர் பிரபு இந்த மரத்துக்காகவே 1835-ல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். செடி போய்ச் சேர்ந்தது, பூக்கத்தான் இல்லை. 1849-ல் ஈலிங்கில் லாரன்ஸ் என்ற சீமாட்டியின் கண்ணாடி வீட்டில்தான் அங்கே முதன்முதலாகப் பூத்தது. முதல் பூ நேராக விக்டோரியா ராணிக்கு!

புத்தகத்தின் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் விஷ்ணுபிரசாத், கோராசந்த் போன்ற நம்மூர் ஓவியர்கள். அவர்கள் பெயரில் ஒரு செடியாவது இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

சரி, மடத்துக்காரர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள்? 'தாவ்கா'. பாலி மொழியின் 'அசோக' என்ற சொல்தான், பர்மியர் வாயில் ச என்பது த போல ஒலிக்கிறது. நிஜ அசோக மரமும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான், அதே அவரைக் குடும்பம். நம்மூர் ஸ்கூல் காம்பவுண்டுகளில் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று நிற்பதை அசோகா என்கிறோமே, அது நெட்டிலிங்கம்.